நின்ற வண்டி ஓடிய கதை: மலையகத் தோட்டங்களின் மோட்டார் வரலாறு

இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தோட்டங்களில் மோட்டார் வாகனங்களை மாதக்கணக்கில், சில வேளை வருடக்கணக்கில், கராஜுக்குள் முடக்கிய காரணங்கள் நான்கு: தென்மேற்குப் பருவமழை, வெள்ளைத் துரைமாரின் நீண்ட தாய்நாட்டு விடுமுறை, யுத்தகாலப் பெற்றோல் பங்கீடு, நாட்டின் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பனி உருகுவதற்காக வீதிகளில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்பு தகட்டை அரிக்கும் என்பதால் பழைய கார்களைக் குளிர்காலம் முழுவதும் மூடி வைத்து, வசந்தத்தில் வெளியே எடுப்பது அங்குள்ள வழக்கம். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் உப்புக்கு வேலை இல்லை. அதன் வேலையை ஈரம் செய்கிறது. அந்த ஈரத்திலிருந்து இயந்திரத்தை மீட்டு மறுபடியும் மலைப்பாதையில் ஏற்றும் அறிவு, மலையகத்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக டிரைவர்மாரும் பிட்டர்மாரும் கைக்குக் கை கொடுத்து வளர்த்த தொழிலறிவு. தோட்ட வரலாறுகளில் துரைமாரின் பெயரும் கம்பனிகளின் பெயரும் நிறைய உண்டு. இந்தத் தொழிலாளரின் அறிவு அவற்றில் உரிய இடம் பெறவில்லை.

பாதை பிறந்த விதம்

மோட்டார் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே மலைநாட்டின் வீதிகள் போடப்பட்டுவிட்டன. ஆளுநர் எட்வர்ட் பான்ஸின் ஆட்சியில், 1820களில், கொழும்பு - கண்டி வீதி அமைந்தது. அந்த வேலையை நடத்திய கப்டன் டோசனின் நினைவுத் தூண் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கிறது. 1832இல் அந்த வீதியில் குதிரை பூட்டிய தபால் வண்டி ஓடத் தொடங்கியது. கண்டிக்கு அப்பால் கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பாதையும், கோப்பித் தோட்டங்களை இணைத்த பல வீதிகளும் தோமஸ் ஸ்கின்னரின் காலத்தில் விரிந்தன. அரை நூற்றாண்டுக்காலம் இலங்கையின் வீதிப் பணியில் இருந்த அவர் 1867இல் ஓய்வு பெற்றார்.

வீதிகளை வரைந்தவர்கள் ஆங்கிலேய அதிகாரிகள். பாறையை உடைத்ததும், கல் சுமந்ததும், மண்ணைச் சமப்படுத்தியதும் கூலிகள். அவர்களில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர் பெரும் பங்கினர். 1848இல் ஆளுநர் டொரிங்டன் கொண்டுவந்த வீதிச் சட்டம், வயதுவந்த ஆண்கள் ஒவ்வொருவரும் வருடத்தில் ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும் அல்லது அதற்கு ஈடாகப் பணம் கட்டவேண்டும் என்றது. அதே ஆண்டு எழுந்த கிளர்ச்சிக்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம்.

பெருவீதியிலிருந்து தோட்டத்துக்குள் செல்லும் கிளைப்பாதையைத் தோட்டத்து மக்கள் கரத்தை ரோடு என்றார்கள். மாடு பூட்டிய கரத்தை ஏற இறங்கத் தோதாக வெட்டப்பட்ட பாதை அது. ஒரு பக்கம் மலைச்சரிவு, மறு பக்கம் பள்ளம், நடுவில் ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய அகலம், ஊசி முனைபோல் மடங்கும் வளைவுகள். இந்த அளவுகள் மோட்டார் காலத்திலும் பெரிதாக மாறவில்லை. பிற்காலத்தில் மலையக டிரைவரின் திறமைக்கு அளவுகோலாக நின்றவை இந்தக் கரத்தை ரோடுகளே.

1869இல் பரவத் தொடங்கிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1867இல், லூல்கந்துரை தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டிருந்தார். தேயிலை பரவிய வேகத்தில் ரயில் பாதையும் மலையேறியது. கண்டிக்கு 1867இலும், நாவலப்பிட்டிக்கு 1874இலும், ஹட்டனுக்கு 1884இலும், நானுஓயாவுக்கு 1885இலும் கோச்சி வந்தது. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே மக்கள் சிங்கமலை என்று அழைக்கும் சுரங்கம் அக்காலத்து வேலை. 44 அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்தில் அகலப்பாதை ரயில் ஏறியது. பாதை பதுளையை எட்டியது 1924இல். நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலைக்கு இரண்டரை அடி அகலக் குறும்பாதையில் ஒரு சிறு ரயிலும் 1900களின் தொடக்கத்தில் ஓடியது. லொறிகளின் போட்டியைத் தாங்காமல் அது 1940களில் மூடப்பட்டது.

மோட்டார் ஏறிய காலம்

இலங்கையில் முதல் மோட்டார் கார் 1902ஆம் ஆண்டளவில் ஓடியது. 1904இல் மோட்டார் உரிமையாளர்களின் சங்கம் கொழும்பில் உருவாயிற்று. தோட்டத்துரைகள் விரைவிலேயே குதிரையை விட்டு மோட்டாருக்கு மாறினார்கள். தோட்டங்களுக்கிடையே தூரம் அதிகம். கிளப்பு, தேவாலயம், கோச்சி நிலையம், வைத்தியர் என எல்லாம் வெவ்வேறு மலைகளில் இருந்தன.

மோட்டாரைப் பழுதுபார்க்கும் கை மலையகத்தில் ஏற்கெனவே இருந்தது. தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் உருட்டும் இயந்திரமும், உலர்த்தும் அடுப்பும், அவற்றை இயக்கும் நீர்ச்சக்கரமும், பிற்பாடு எண்ணெய் எஞ்சினும் இரவு பகலாக வேலை செய்தன. அவற்றைப் பராமரிக்க ஒவ்வொரு ஸ்டோரிலும் பிட்டர் ஒருவர் தேவைப்பட்டார். இந்த இயந்திரத் தேவையை நம்பியே ஜோன் வோக்கர் 1854இல் கண்டியில் தொடங்கிய பட்டறையும், 1875இல் ஹட்டனில் தொடங்கிய பிரவுண் நிறுவனமும் வளர்ந்தன. எஞ்சினின் சத்தத்தைக் கேட்டே கோளாறை அறியும் பழக்கம் ஸ்டோரில் பிறந்தது. அங்கிருந்து அது கராஜுக்கு வந்தது.

துரையின் காரைவிட முக்கியமானது தோட்டத்து லொறி. அது கீழே கொண்டுபோனது தேயிலைப் பெட்டிகள். மேலே கொண்டுவந்தது உரம், விறகு, எல்லாவற்றையும்விட அரிசி. தொழிலாளருக்குத் தோட்டமே அரிசி வழங்கிய காலம் அது. அந்த அரிசி பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் வந்தது. எட்டாத மலைகளில் பறித்த கொழுந்தைக் கம்பிவடத்தில் தொங்கவிட்டு ஸ்டோருக்கு இறக்கும் முறையும் இருந்தது. லொறி ஓடத் தொடங்கிய பிறகு கம்பிவடங்கள் மெல்லக் குறைந்தன. கொழுந்து பறித்த சில மணி நேரத்துக்குள் வாட்டுத் தட்டுக்குப் போகவேண்டும். தாமதமானால் சாக்குக்குள் வெந்து சிவந்து பாழாகும். ஆகவே கொழுந்து லொறி நின்றால் தோட்டத்தின் வருமானம் அன்றே குறைந்தது.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் வளர்ந்த சிறுவன் ஒருவன் இந்தத் தொழிலுக்குள் நுழையும் வாசல் கிளீனர் வேலை. லொறியைக் கழுவுவது, ஏற்றத்தில் சக்கரத்துக்குக் கட்டை வைப்பது, ரேடியேட்டருக்குத் தண்ணீர் சுமப்பது, கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்புவது ஆகியவை அவன் பாடங்கள். சில ஆண்டுகளில் டிரைவரின் பக்கத்தில் இருந்து ஓட்டக் கற்றான். காலையில் ஆள்கூடும் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துக் கங்காணியின் கீழ் மலைக்குப் போகும் வாழ்விலிருந்து வெளியேற, தோட்டத்துக்குள்ளேயே கிடைத்த சில வழிகளில் இதுவும் ஒன்று. பள்ளிக்கூடம் குறைவாகவும் சம்பளம் சொற்பமாகவும் இருந்த ஒரு சமூகத்தில், டிரைவர் என்ற பெயர் மரியாதைக்குரியதாக இருந்தது.

ஈரம் செய்யும் வேலை

மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதுகிறது. கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், மஸ்கெலியா, டிக்கோயா, பொகவந்தலாவைப் பகுதிகள் இதில் நனைகின்றன. வட்டவளையில் வருட மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டுவது வழமை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் மழை அதில் பாதிக்கும் குறைவு. ஆனால் மூடுபனியும் குளிரும் அங்கே ஈரத்தை உலரவிடுவதில்லை. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் சில விடியற்காலைகளில் புல்மேல் உறைபனி படியும். தேயிலைத் துளிர்களும் கருகும்.

இப்படிப்பட்ட காற்றில் நிற்கும் வாகனம் பல வழிகளில் கெடுகிறது. முதலாவது பெட்டரி. ஈய அமில பெட்டரி பயன்படுத்தாவிட்டாலும் தானாக மின்னேற்றம் இழக்கும். முழுவதும் இறங்கிய நிலையில் விட்டால் தட்டுகளில் ஈய சல்பேற்று கெட்டியாகப் படிந்து, மறுபடி மின்னேற்றத்தைப் பிடிக்காமல் போகும். இரண்டாவது பெற்றோல். அதன் இலேசான கூறுகள் ஆவியாகிப் போக, எஞ்சியது பிசினாகி, காபுரேட்டரின் நுண்ணிய துவாரங்களை அடைக்கும். மூன்றாவது பிரேக். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. அந்த ஈரம் சிலிண்டருக்குள் துருவை உண்டாக்கி பிஸ்டனை இறுக்கிவிடும். கைப்பிரேக் போட்டபடியே நிறுத்திய காரில் பிரேக் ஷூ டிரமோடு ஒட்டிக்கொள்ளும். கிளச் தட்டும் அவ்வாறே பிளைவீலோடு ஒட்டும். எஞ்சினுக்குள் சிலிண்டர்ச் சுவரில் துரு பிடித்தால் வளையங்கள் சிக்கிக்கொள்ளும்.

பழைய கார்களுக்கு இவை தவிர வேறு பலவீனங்களும் இருந்தன. 1920களின் கார்களில் உடற்கூடு மரச்சட்டத்தால் ஆனது; ஈரத்தில் அது உளுத்தது. கான்வஸ் கூரையிலும் தோல் இருக்கையிலும் பூஞ்சணம் படர்ந்தது. தீப்பொறி தரும் மெக்னெட்டோவின் சுருளில் ஈரம் ஏறினால் கைப்பிடியை எத்தனை முறை சுழற்றினாலும் எஞ்சின் கிளம்பாது. குளிருக்கு ஒதுங்கும் எலிகள் இருக்கையின் நாரில் கூடு கட்டி, வயரின் உறையைக் கடித்தன.

விடுமுறையும் யுத்தமும்

ஐரோப்பியத் துரைகளுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பல மாத விடுமுறை கிடைத்தது. கப்பலேறித் தாய்நாடு போய்த் திரும்பும் வரை சொந்தக் காரை விற்கவோ, மற்றொரு துரையிடம் ஒப்படைக்கவோ, பங்களா கராஜில் நிறுத்தவோ வேண்டியிருந்தது. நிறுத்திய காரைக் காக்கும் பொறுப்பு டிரைவருடையது. சக்கரங்களில் எடை நிற்காதபடி அச்சுக்கடியில் மரக்கட்டை கொடுத்துத் தூக்குவது, பெட்டரியைக் கழற்றி உலர்ந்த இடத்தில் வைத்து அவ்வப்போது மின்னேற்றுவது, பளபளக்கும் உலோகப் பகுதிகளுக்குக் கிரீஸ் பூசுவது, வெயில் எட்டிப்பார்க்கும் நாட்களில் கராஜ் கதவைத் திறந்து காற்றோட்டம் விடுவது ஆகியவையே அக்காலத்தில் வாகனம் நிறுத்தும் முறை. நன்றாக நிறுத்திய வண்டியை எழுப்புவது எளிது என்ற விதியை மலையக டிரைவர்மார் புத்தகத்தில் படிக்கவில்லை, செய்து அறிந்தார்கள்.

இரண்டாம் உலக யுத்தம் விடுமுறையைவிடப் பெரிய முடக்கத்தைக் கொண்டுவந்தது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்ரல் 5ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. சில நாட்களில் திருகோணமலையும் தாக்கப்பட்டது. மலாயாவின் ரப்பர் எதிரி கைக்குப் போனதால் நேச நாடுகளின் இயற்கை ரப்பருக்கு இலங்கையே பெரும் ஆதாரமாயிற்று. ஆயினும் அந்த ரப்பர் யுத்தத்துக்குப் போனது. இலங்கையில் தனியார் வாகனத்துக்கு டயர் கிடைப்பது அரிதானது. பெற்றோல் பங்கீடு வந்தது. தேவை மிகுந்த லொறிகள் ஓட, சொந்தக் கார்கள் பல கட்டையில் ஏறின. அதே ஆண்டு பர்மாவும் வீழ்ந்தது. தோட்டத்துக்கு வந்த அரிசி சுருங்கியது. மலையகத்தில் லொறியின் ஓட்டமும் வீட்டுச் சோறும் ஒன்றோடொன்று எவ்வளவு இறுகப் பிணைந்திருந்தன என்பதை அந்த ஆண்டுகள் காட்டின.

பாக்கு நீரிணைக்கு அப்பால் சென்னை மாகாணத்தில் பஸ்களின் பின்புறத்தில் கரி அடுப்புக் கலனைப் பொருத்தி, கரிவாயுவில் எஞ்சினை ஓட்டினார்கள். பெற்றோல் இல்லாத உலகம் எங்கும் அந்த உபாயத்தைக் கையாண்டது. கரிவாயு எஞ்சினின் வலுவைக் கணிசமாகக் குறைக்கும் என்பதால் செங்குத்தான மலைப்பாதைக்கு அது பொருந்தாத வழி.

வண்டியை எழுப்பும் முறை

யுத்தம் முடிந்தபின் மலையகத்தில் ஓஸ்டின், மொரிஸ், ஹில்மன், போர்ட் போன்ற பிரித்தானியக் கார்களும், பெட்போர்ட் லொறிகளும், 1948இல் அறிமுகமான லேண்ட் ரோவரும் பெருகின. அதே ஆண்டு வெளிவந்த மொரிஸ் மைனர் மலையகத்தில் நீண்ட காலம் நிலைத்தது. எளிய கட்டமைப்பும் சிறிய எஞ்சினும் அதன் பலம். நெடுநாள் நின்ற மொரிஸ் மைனரை ஓட்டத்துக்குக் கொண்டுவரும் வேலை, அக்காலத்துக் கராஜ் அறிவு முழுவதையும் எடுத்துக்காட்டுகிறது.

முதல் விதி, எஞ்சினை உடனே கிளப்பாதிருப்பது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சிறிது எஞ்சின் எண்ணெய் விட்டு, ஓரிரவு ஊறவிடுவார்கள். மறுநாள் கைப்பிடியால் மெல்லச் சுழற்றிப் பார்ப்பார்கள். இறுக்கம் தெரிந்தால் பலத்தைக் கூட்டாமல் மறுபடி எண்ணெய் விட்டுக் காத்திருப்பார்கள். துருப்பிடித்த சிலிண்டரில் எஞ்சினை வலிந்து கிளப்பினால் வளையம் உடைந்து சுவரைக் கீறும். அத்துடன் முழு எஞ்சினையும் கழற்றவேண்டி வரும். எஞ்சின் தடையின்றிச் சுழன்ற பிறகு பழைய எண்ணெயை வடித்துப் புதியதை ஊற்றினார்கள். பிளக் இல்லாமலே சில சுற்று சுழற்றும்போது எண்ணெய் எல்லா இடத்துக்கும் ஏறும்.

இரண்டாவது எரிபொருள். தாங்கியை வடித்து, அடியில் தேங்கிய தண்ணீரையும் துருவையும் அகற்றி, காபுரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். மைனரின் எஸ்.யூ. மின்சாரப் பம்ப் நெடுநாள் நின்றால் உள்ளே தொடுமுனைகள் ஆக்சைட் படிந்து மின்சாரத்தைக் கடத்தாது. பெற்றோல் வரும்போது கேட்கவேண்டிய அதன் டிக் டிக் சத்தம் கேட்காவிட்டால் டிரைவர் பம்பை ஸ்பனர் பிடியால் மெல்லத் தட்டுவார். தட்டி எழும்பாவிட்டால் கழற்றி முனைகளை மெல்லிய அரத்தாள் கொண்டு தேய்ப்பார்.

மூன்றாவது பிரேக், மலையில் இதற்குத்தான் அதிக நேரம். நான்கு சக்கரத்திலும் டிரமைக் கழற்றி, சிலிண்டர் பிஸ்டன்களை வெளியே எடுத்து, ரப்பர் வளையங்களை மாற்றி, துரு ஆழமாக இருந்தால் சிலிண்டரையே மாற்றவேண்டும். மைனரின் பிரதான பிரேக் சிலிண்டர் டிரைவரின் காலடித் தரைக்குக் கீழே இருந்தது. பார்வைக்கு மறைந்த, கைக்கு எட்டாத இடம் அது. அதைத் தொடாமல் விட்ட கராஜ்களும் உண்டு. அதன் விளைவு இறம்பொடை வளைவுகளிலோ கினிகத்தேனை இறக்கத்திலோ தெரியவரும். ஏற்றத்தில் எஞ்சின் நின்றால் நேரம் போகும். இறக்கத்தில் பிரேக் போனால் உயிர் போகும். ஆகையால் எஞ்சின் கிளம்பியது என்ற மகிழ்ச்சியில் வண்டியைக் கீழே இறக்கக்கூடாது என்பது மலையகத்தின் கண்டிப்பான வழக்கம். தோட்டத்து மேட்டு வெளியில் முன்னும் பின்னும் ஓட்டி, பிரேக் மிதி அமிழ்ந்து போகவில்லை என்று தெரிந்த பிறகே பெருவீதிக்குப் போவார்கள். இறங்கும்போது கியரைக் குறைத்து எஞ்சினின் பிடியிலேயே இறங்குவதும் அதே பாடத்தின் பகுதி.

நான்காவது குளிர்த்தல். ரேடியேட்டர்த் தண்ணீரை மாற்றி, ரப்பர் குழாய்களை விரலால் அழுத்தி வெடிப்புப் பார்ப்பார்கள். நுவரெலியாவின் உறைபனி எஞ்சின் கட்டையைப் பிளக்குமளவு கடுமையானதல்ல. ஆனால் நீண்ட ஏற்றத்தில் தண்ணீர் கொதிப்பது வழமையான தொல்லை. ஐந்தாவது கிரீஸ். முன் சக்கரத் திருப்புமுனைகளுக்கும் ஸ்டியரிங் இணைப்புகளுக்கும் நிப்பிள் வழியே புதிய கிரீஸ் ஏற்றிப் பழையதையும் அதோடு கலந்த தண்ணீரையும் வெளியேற்றினார்கள். அக்கால பிரித்தானியக் கார்களில் பெட்டரியின் நேர்முனையே உடலோடு பூட்டப்பட்டது. பிற்காலக் கார்களுக்குப் பழகியவர் இதைக் கவனிக்காமல் பெட்டரியைத் தலைகீழாகப் பூட்டினால் மின்சாதனங்கள் கெட்டன. கடைசியாக, டயரின் பக்கச் சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துக் காற்றடித்தார்கள்.

உதிரிப்பாகம் வராத ஆண்டுகள்

1958 ஜனவரி முதலாம் திகதி தனியார் பஸ் கம்பனிகள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவாயிற்று. மலையகத்தின் உள்ளூர்களுக்கும் சிவப்பு பஸ் வந்தது. அதே ஆண்டு வாகனங்களில் சிங்கள ஸ்ரீ எழுத்துப் பொறிக்கப்பட்டதற்குத் தமிழர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மலையகத்திலும் அந்தக் கொதிப்பு எழுந்தது. 1961இல் அமைந்த பெற்றோலியக் கூட்டுத்தாபனம் எரிபொருள் விநியோகத்தை அடுத்த சில ஆண்டுகளில் தன் கைக்குள் கொண்டுவந்தது.

தேயிலை விலை உலகச் சந்தையில் சரிய, அந்நியச் செலாவணி வற்றியது. 1960களின் தொடக்கத்திலிருந்து கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது, உதிரிப்பாகங்களும் அருகின. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டின் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. வெளிநாட்டுக் கம்பனிகளின் துரைமார் வெளியேற, அவர்களின் கார்கள் உள்ளூரில் கைமாறின. 1973க்குப் பிந்திய எண்ணெய் விலை உயர்வு அவற்றில் பலவற்றை மறுபடியும் கட்டையில் ஏற்றியது. அதே காலத்தில் தோட்டங்களில் பட்டினியும் சாவும் நிகழ்ந்தன. வாகனத்தின் கதை தனியாக நடந்ததல்ல. தேயிலையை விளைவித்த மக்கள் அதே தட்டுப்பாட்டைத் தங்கள் உடலில் சுமந்தார்கள்.

புதிய பாகம் கிடைக்காத நாட்டில் பாகத்தைச் செய்வதே வழி. தேய்ந்த புஷ்ஷைக் கடைசல் பட்டறையில் வெண்கலத்தில் கடைந்தார்கள். எஞ்சின் பெயரிங்குகளுக்கு வெள்ளை உலோகம் உருக்கி ஊற்றிச் சீவினார்கள். கேஸ்கெட் தாளைப் பாகத்தின்மேல் வைத்துச் சுத்தியலால் ஓரம் தட்டி வெட்டினார்கள். பிரேக் பட்டையைப் புதிதாக ரிவெட் அடித்தார்கள். வழுக்கையான டயரை ரீபில்ட் செய்தார்கள். ஒரு வண்டியை ஓட்ட மற்றொரு வண்டியைக் கழற்றினார்கள். பிரித்தானியாவில் பழைய கார் சேகரிப்போர் பொழுதுபோக்காகச் செய்த இந்த வேலைகளை மலையகத்துப் பிட்டர்மார் பிழைப்புக்காகச் செய்தார்கள். அந்தக் கார்கள் கண்காட்சிக்குரியவை அல்ல. வைத்தியசாலைக்கும் சந்தைக்கும் கோச்சி நிலையத்துக்கும் போகவேண்டியவை.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு ஜப்பானியக் கார்களும் வான்களும் வந்தன. அடுத்த பத்தாண்டுகளில் இந்திய முச்சக்கர வண்டி மலையக நகரங்களை நிறைத்தது. பழைய பிரித்தானியக் கார்கள் பின்னுக்குப் போயின. முற்றாக மறையவில்லை. நுவரெலியாவின் ஏப்ரல் வசந்த காலம் அவற்றுக்கு ஒரு மேடையாக நீடித்தது. தமிழ் சிங்களப் புத்தாண்டை ஒட்டிய அந்த வாரங்களில் குதிரைப் பந்தயமும் மலர்க் காட்சியும் மோட்டார்ப் போட்டிகளும் நடக்கும். 1934இல் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி நாட்டின் மிகப் பழைய மோட்டார் விளையாட்டு நிகழ்ச்சி. ஓராண்டு நின்ற வண்டிகளைப் பெப்ரவரி, மார்ச் மாதங்களின் வறண்ட வெயிலில் கழற்றிச் சேர்த்து ஏப்ரலில் ஓட்டுவதற்குப் பருவமும் ஒத்துழைக்கிறது.

2022ஆம் ஆண்டின் முடக்கம்

கொரோனாப் பரவலுடன் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் நாட்டின் அந்நியச் செலாவணி முற்றாக வற்றியது. ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை எரிபொருள் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்று அறிவிக்கப்பட்டது. ஜூலை இறுதியிலிருந்து கியூஆர் முறையில் வாரப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர். அந்த முறை 2023 செப்டம்பர் முதலாம் திகதி முடிவுக்கு வந்தது.

மலையகத்துக்கு இந்த முடக்கம் மிக மோசமான பருவத்தில் வந்தது. ஜூன், ஜூலை தென்மேற்கு மழையின் உச்சம். எண்பது ஆண்டுகளுக்கு முந்திய யுத்தகாலம்போல வண்டிகள் ஈரத்தில் நின்றன. பெருவீதியிலிருந்து தொலைவிலுள்ள லயங்களுக்கு முச்சக்கர வண்டியே பஸ். இரவில் அதுவே அம்புலன்ஸ். பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணைக் கொழுந்து லொறியில் ஏற்றிச் செல்வது தோட்டங்களில் தலைமுறைகளாக நடப்பது. எரிபொருள் இல்லாத வாரங்களில் அந்த வழியும் குறுகியது.

அந்த மாதங்களில் நின்ற வாகனங்களை எழுப்பிய முறை, அடிப்படையில், பாட்டன்மாரின் முறையே: பெட்டரி, எரிபொருள், பிரேக், எண்ணெய், டயர். வேறுபாடு பாகங்களில் இருக்கிறது. காபுரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வந்துவிட்டது. அதன் பம்ப் தாங்கிக்குள் இருக்கிறது. ஸ்பனரால் தட்டி எழுப்ப முடியாது. கைப்பிடியால் எஞ்சினைச் சுழற்றும் வாய்ப்பு இல்லை. கலப்பின கார்களின் உயர்மின்னழுத்த பெட்டரி நெடுநாள் நின்று இறங்கினால் அதை மீட்கத் தனிப் பயிற்சியும் கருவியும் வேண்டும். பயிற்சி இல்லாத கை அதைத் தொடுவது ஆபத்து.

வீதிக்கு வரும் வாகனத்துக்கு இயந்திர நலம் மட்டும் போதாது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் வேண்டும். 2008 முதல் புகைப் பரிசோதனைச் சான்றும் சேர்ந்தது. பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் தனி.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. விலை உயர்ந்ததால் புதிய வாகனம் மலையகத் தொழிலாளர் குடும்பத்துக்கு எட்டாத உயரத்திலேயே இருக்கிறது. கையிலுள்ள வண்டியைக் காப்பதே இன்றும் வழி. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா நகரங்களின் கராஜ்களில் இந்த வேலை தொடர்கிறது. ஸ்டோரில் எஞ்சின் சத்தம் கேட்டு வளர்ந்த தலைமுறை ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறது. அவர்களின் அறிவு பெரும்பாலும் எழுதப்படாதது. கரத்தை ரோட்டை வெட்டியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்த ரோட்டில் ஓடிய ஒவ்வொரு வண்டியையும் ஓடும் நிலையில் வைத்திருந்தார்கள். மலையகத்தின் உழைப்பு வரலாறு கொழுந்துக் கூடையோடு நில்லாமல் கராஜையும் சேர்த்துப் பதிவு செய்யப்படவேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்கள் இந்த முதியவர்களிடமிருந்து கற்கவேண்டிய காலமும் இதுவே.